இடம்புரிக் கட்டு

தோமேக்கு முன்னால் அந்த வீட்டில் நான்கு பெண்கள். ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்ததும் அப்பா ‘நிறுத்து’ என்று அர்த்தம் வரும்படி அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார். சாமிக்குச் சொன்ன சொல்தான் அது. சாமி கேட்டுக்கொண்டு அடுத்தது ஆணாகக் கொடுத்தது. தோமேயின் கால்கள்தான் அதைக் கேட்கவில்லை. இலையுதிர்காலம் வந்தால் முதுகில் மூட்டையோடு அவள் நடக்காத மலைச்சாலை இல்லை.

“நிறுத்துன்னு பேரு வச்சும் நிக்கமாட்டேங்குறாளே. ஓடுன்னு வச்சிருந்தா ரஷ்யாவுக்கே போயிருப்பா” என்பாள் மஸுனோ. இருவரும் ஒரே வயது. ஒரே படகில் வாழ்க்கைப்பட்டு டைகோன் தீவுக்கு வந்தவர்கள்.

காயலுக்கு நடுவே கிடக்கும் அந்தத் தீவின் மண் கறுப்பு. அதில் பியோனி என்ற பூச்செடி வளர்வதுபோல் வேறெங்கும் வளர்வதில்லை என்பது தீவுக்காரர்களின் பேச்சு. ஆண்கள் செடி வளர்த்து ஒட்டுக்கட்டுவார்கள். இலை உதிர்ந்து செடிகள் தூங்கப் போனதும் அவற்றைத் தோண்டி, வேர்களை ஈரப்பாசியில் சுற்றி, கூட்டம் கூட்டமாகப் பெண்கள் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். படகில் கரைக்கு, அங்கிருந்து ரயில், பிறகு நடை. வீட்டு வாசலில் நின்று ஒரு வண்ணப்படத்தைக் காட்டி, “இந்தக் குச்சிதான் வசந்தத்துல இப்படி ஆகும்” என்று சொல்லி விற்பார்கள். கையில் இருப்பதோ மொட்டை மொட்டையான நாலு விரல் குச்சி. சிவப்பும் வெள்ளையும் அந்தப் பருவத்தில் ஒன்றுபோலவே இருக்கும். வாங்குகிறவர்கள் படத்தைப் பார்த்து வாங்குவதில்லை, விற்கிறவளின் முகத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். தோமேயின் முகத்துக்கு எந்த ஊரிலும் குச்சி மிஞ்சியதில்லை.

அவள் கணவன் இசாகு பேச்சுக் குறைந்தவன். போருக்கு அழைப்பு வருவதற்கு முன்னால், நல்ல செடிகளில் முற்றிய விதையெடுத்து ஒரு பாத்தி விதைத்திருந்தான். விதைப்பியோனி பூப்பதற்கு வருஷக்கணக்காகும். பூத்தாலும் நூற்றில் ஒன்று தேறினால் அதிசயம். அவன் போன பிறகு, பூச்செடிகளைப் பிடுங்கிவிட்டுச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போடவேண்டும் என்று அரசாங்க உத்தரவு வந்தது. தோமே எல்லாவற்றையும் பிடுங்கினாள். விதைப்பாத்தியின் ஒரு மூலையை மட்டும் விட்டு, அதன்மேல் கிழங்குக் கொடியைப் படரவிட்டாள். பார்வையிட வந்த ஆள் கொடியைக் காலால் விலக்கிப் பார்க்கவில்லை.

இசாகு திரும்பி வந்தான், நெஞ்சில் சளியோடு. பிள்ளை எதுவும் தங்கவில்லை. கொடியின் அடியில் பிழைத்திருந்த கன்றுகளை அவன் ஒவ்வொன்றாகப் பேணினான். பூக்கப் பூக்கப் பிடுங்கிப் போட்டான். ஒன்று சேற்று நிறம். இன்னொன்று அழகுதான், ஆனால் தலை தொங்கியது. கடைசியாக மிஞ்சிய ஒரு செடி ஒரு வசந்தத்தில் ஒரே ஒரு பூ விட்டது.

சிப்பியின் உட்பக்கம் இருக்கும் நிறம் அதற்கு. வெள்ளை என்றும் சொல்லமுடியாது, இளஞ்சிவப்பு என்றும் சொல்லமுடியாது. இதழ்களின் அடியில் மை கசிந்ததுபோல ஊதா. அன்று மத்தியானம் நல்ல மழை. தீவிலிருந்த பியோனியெல்லாம் மண்ணைப் பார்த்துக் கவிழ, இது மட்டும் நிமிர்ந்தே நின்றது. இருவரும் சமையலறை வாசலில் நின்று பார்த்தார்கள்.

“என்னங்க பேரு வைக்கப்போறீங்க?”

“அவசரப்படாத. யாருகிட்டயும் சொல்லவும் சொல்லாத.”

அவசரப்படாதே என்று சொன்னவனே அந்த வருஷம் அவசரப்பட்டான். இருமலில் ரத்தம் வந்திருந்தது. ஒட்டுக்கட்டும் பருவத்தில் அந்தச் செடியின் கிளைகளை ஒன்றுவிடாமல் வெட்டி ஒட்டுக்குச்சி ஆக்கினான்.

“தாய்ச்செடிக்கு ஒரு கிளையாவது விடுங்களேன்.”

“அடுத்த வருஷம் கை நடுங்கும், தோமே.”

மொட்டையாக நின்ற தாய்ச்செடி குளிர்காலத்தில் வேரழுகிப் போயிற்று. அதிலிருந்து கட்டிய ஒட்டுகளில் ஒன்றே ஒன்று பிடித்தது. வசந்தத்தில் எல்லாச் செடிகளின் ஒட்டுகளும் தளிர்விட்டதும், காயல் காற்றில் ஆடாமலிருக்க ஒவ்வொன்றையும் ஒரு மூங்கில் குச்சியோடு சேர்த்து வைக்கோல் புரியால் கட்டுவது வழக்கம். அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் இசாகு படுக்கையில் விழுந்தான்.

“அதுக்குக் கட்டு வேற மாதிரி போட்டிருக்கேன். பாத்தா உனக்கே தெரியும்” என்றான். அவள் அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். எங்கே நட்டிருக்கிறான் என்று கேட்கத் தோன்றவில்லை. தாய்ச்செடி இருந்த இடத்தில், வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சின்னப் பாத்தியில்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மழைக்காலம் முடிவதற்குள் அவன் போய்விட்டான்.

இலையுதிர்காலத்தில் விற்பனைக்குக் கூட்டம் கிளம்பும் நாள் எப்போதோ குறித்தாயிற்று. படகு யாருக்காகவும் காத்திருக்காது. மஸுனோவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் உதவிக்கு வந்து பெரிய பாத்தியைத் தோண்டினார்கள். ஒருத்தி கட்டை அறுப்பாள், ஒருத்தி மண்ணை உதறுவாள், ஒருத்தி பாசி சுற்றுவாள். தோமே கட்டறுத்தாள். அறுத்த வைக்கோலை ஒரு பக்கமாக வீசிக்கொண்டே போனாள். அவள் கண் எதையும் பார்க்கவில்லை, கைதான் வேலை செய்தது. பின்பாத்தியை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தாள். அந்த இலையுதிர்காலம் நாகானோ மலைகளில், இனா பள்ளத்தாக்கு முழுக்க நடந்து விற்றுவிட்டு, வருஷக் கடைசியில் வெறும் மூட்டைத்துணியோடு வீடு திரும்பினாள்.

குளிக்க வெந்நீர் போட வேண்டும். அடுப்பு மூட்டுவதற்கு அந்த வைக்கோல் குவியலிலிருந்து ஒரு கை அள்ளினாள். விரலுக்கு ஏதோ ஒத்துவரவில்லை. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

வைக்கோலை எல்லோரும் வலப்பக்கம்தான் முறுக்குவார்கள். கூடையானாலும் செருப்பானாலும் செடிக்கட்டானாலும் வலம்புரிதான். இடம்புரியாக முறுக்குவது புதுவருஷத்துக்குச் சாமி வாசலில் கட்டும் கயிற்றை மட்டும். அந்த வீட்டில் அந்தக் கயிற்றை முறுக்குகிறவன் இசாகு. அவள் கையிலிருந்த துண்டு இடம்புரி. நடுவில் கத்தி பட்ட இடம் நேராக இருந்தது.

ஓடிப்போய்ப் பின்பாத்தியைப் பார்த்தாள். ஒவ்வொரு மூங்கில் குச்சியாகக் குனிந்து பார்த்தாள். எல்லாம் வலம்புரி. நல்ல மண் வேண்டும் என்று பெரிய பாத்தியின் நடுவில் கொண்டுபோய் நட்டிருக்கிறான் மனிதன். அதை அவள் தன் கையாலேயே அறுத்து, மற்றதோடு சேர்த்துக் கட்டி, முதுகில் சுமந்துபோய் யாரோ ஒருவர் வாசலில் விற்றுவிட்டு வந்திருக்கிறாள்.

மஸுனோ வந்தபோது அடுப்பில் நெருப்பில்லை, பானையில் தண்ணீர் இல்லை. தோமே தரையில் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் மஸுனோவும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“பூத்தாத்தான தெரியும்?”

“பூத்தாத்தான் தெரியும்.”

“அப்ப பூக்குற நேரத்துல போகணும்.”

“போறேன்.”

“ஏண்டி, உனக்குக் கிறுக்கா? பூக்குறப்ப வித்த ஊருக்கு எவளாவது போவாளா? சிவப்புன்னு குடுத்தது வெள்ளையா நிக்கும். செருப்பத் தூக்கிட்டு வருவாளுங்க.”

“வரட்டும்.”

தீவில் பூ முடியும்போதுதான் இனா மலையில் பூ ஆரம்பிக்கும். தோமே அதற்குத் தோதாக ரயிலேறினாள். முதல் வசந்தத்தில் பெரும்பாலான செடிகள் பூக்கும் வயதுக்கு வரவில்லை. இலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அடுத்த வருஷமும் போனாள். அதற்கடுத்த வருஷமும் போனாள். மஸுனோ சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஒரு மதுக்கடை வீட்டுக்காரி அவளைத் தெருக்கோடியிலேயே மறித்துவிட்டாள்.

“வா தாயி, வா. உன்னத்தான் தேடிட்டிருக்கேன். சிவப்புன்னு சத்தியம் பண்ணியே, வந்து பாரு. மாமியா செத்து நாப்பத்தொம்பது நாள் துக்கம்கூட முடியல, வாசல்ல வெள்ளை வெளேர்னு பூத்து நிக்குது. அவ சாவ நானே பூசை பண்ணி வரவழச்ச மாதிரி ஊரே பாக்குது.”

தோமே பூவைப் பார்த்தாள். வெள்ளைதான். வெறும் வெள்ளை.

“தப்பு என்னோடதுதாம்மா. இலை உதிரட்டும், சிவப்பு கொண்டாந்து தாரேன்.”

“இத என்ன பண்ணுறது?”

“இதுவும் இருக்கட்டும்.”

“ஒண்ணு வாங்கினா ரெண்டா? அப்ப அடுத்த தடவையும் தப்பாவே குடு.”

இப்படி வாசல் வாசலாக நின்றாள், வசவு வாங்கினாள், தேநீரும் கடுகுக்கீரை ஊறுகாயும் வாங்கிச் சாப்பிட்டாள். பள்ளத்தாக்கில் அவளுக்குப் ‘பூ எண்ணுறவ’ என்று பெயராகிவிட்டது. விற்ற வீடு ஒவ்வொன்றையும் பார்த்து முடித்தாள். சிப்பி நிறம் எங்கேயும் இல்லை.

நான்காம் குளிர்காலத்தில், காயல் சிப்பியைச் சோற்றில் போட்டு வேகவைத்துக்கொண்டிருந்தபோது, அவளுக்குச் சட்டென்று ஒன்று ஞாபகம் வந்தது. இசாகு போன அந்த வருஷம், விற்பனையின் கடைசி நாளில் பனி கொட்ட ஆரம்பித்திருந்தது. மலையுச்சிக் கிராமத்தின் பஸ் நிறுத்தத்தில் அவள் மூட்டையில் ஒரே ஒரு குச்சி பாக்கி. ஊன்றுகோலோடு ஒரு ஆள் நின்றிருந்தான். பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ‘இத நட்டுக்கோங்க’ என்று அவன் கையில் திணித்துவிட்டு ஏறிவிட்டாள். வீட்டு வாசலில் விற்காததால் அந்த ஒன்று கணக்கிலேயே வரவில்லை.

அந்த ஆளைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. மரம் வெட்டப்போய்க் கால் நசுங்கியவன் அந்த ஊரில் ஒருவன்தான், குராதா. உச்சியில் பூ பிந்தும் என்று ஜூன் தொடக்கத்தில் போனாள். மேட்டில் ஏறினாள். மூச்சு வாங்க ஒரு தடவை நின்று தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

படலுக்கு வெளியிலிருந்தே தெரிந்துவிட்டது.

முற்றத்தின் நடுவில் ஒரு பெரிய புதர். நிறைய பூ, அடர்த்தியான ரோஜா நிறம். இலை பளபளவென்று இருந்தது. தண்டுகள் மண்ணிலிருந்து நேராகப் பச்சையாக எழுந்திருந்தன. கட்டை என்று ஒரு துண்டுகூட இல்லை.

பியோனியில் இரண்டு சாதி உண்டு. மரப்பியோனியின் கட்டை குளிரிலும் நிற்கும். தரைப்பியோனியோ குளிர் வந்தால் மண்ணோடு மடிந்து, வசந்தத்தில் வேரிலிருந்து புதிதாக முளைக்கும். மரப்பியோனிக்குச் சொந்த வேர் மெல்ல வரும் என்பதால், தீவில் அதன் குச்சியைத் தரைப்பியோனியின் தடித்த வேரில் செருகித்தான் ஒட்டுக்கட்டுவார்கள். நட்ட பிறகு அந்த வேர் தன் சாதி முளையைக் கீழிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். அதைக் கிள்ளவேண்டும். கிள்ளாவிட்டால் அது மேலே இருப்பதைப் பட்டினி போட்டுக் கொன்றுவிடும். இதைச் சொல்லாமல் எந்தப் பெண்ணும் எந்த வாசலையும் விட்டு நகரமாட்டாள். அன்றைக்குப் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.

“யாரு? ஏய் ஷிகே, இங்க வா, பூக்காரம்மா வந்திருக்கு!” குராதா ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தான். நாற்பது வயதிருக்கும், அகலமான சிரிப்பு. “நீ வருவேன்னு நான் சொன்னேன், இவ நம்பல. பாத்தியா என் செடிய? மீன்முள்ளு, அடுப்புச் சாம்பல், எல்லாம் இதுக்குத்தான். எனக்குக்கூட அவ்வளவு சாப்பாடு கிடையாது.”

“ஆமா, பொண்டாட்டிய ஒரு நாள் இப்படிப் பாத்ததில்ல” என்றபடி அவன் மனைவி ஷிகே தேநீர்த் தட்டோடு வந்தாள். “உக்காருங்கக்கா. மூஞ்சி வெளுத்திருக்கு, மேடு ஏறினதா?”

“மேடுதாம்மா.”

“பக்கத்து வீட்டுக்காரன் இருக்கானே” என்று குராதா குரலைத் தாழ்த்தினான். “இது மரப்பியோனியே இல்ல, உன்ன அந்தத் தீவுக்காரி ஏமாத்திட்டான்னு ரெண்டு வருஷமா என் உயிர வாங்குறான். நீயே அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. முதல்ல பூத்த பூவ அவன் பாக்கல. பாத்திருந்தா வாய மூடியிருப்பான்.”

தோமே கோப்பையைக் கீழே வைத்தாள். “முதல்ல பூத்தது வேற மாதிரியா?”

“வேறயேதான். நட்ட ரெண்டாம் வருஷம். குச்சியோட நுனியில ஒரே ஒரு பூ.”

“என்ன நிறம்?”

குராதா யோசித்தான். கையை விரித்துப் பார்த்தான், சொல் அங்கே இருப்பதுபோல. “எனக்குச் சொல்லத் தெரியலம்மா. வெள்ளைன்னா வெள்ளையில்ல. விடியறப்ப பனிமேல ஒரு வெளிச்சம் விழுமே, அப்படி. உள்ள அடியில ஊதா. இவ சொன்னா...”

“காயம் பட்டு ஆறுற இடம் மாதிரின்னு சொன்னேன்” என்றாள் ஷிகே. “இவருக்கு அப்ப காலு மறுபடியும் புண்ணாகி ஆறிட்டிருந்துச்சு. பூவப் பாக்கணும்னே வாசல் வரைக்கும் நடந்தாரு.”

“மழை பெஞ்சுதா?”

“பெஞ்சுது. கவிழவேயில்ல. அதான் ஆச்சரியம்.”

தோமே கேட்கவேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. கேட்டாள். “அந்தக் குச்சி என்னாச்சுங்க?”

“அதுவா? கீழேருந்து தடிதடியா முளை வந்துச்சு. அடேயப்பா, மீன்முள்ளு வேலை செய்யுதுன்னு சந்தோஷப்பட்டேன். குச்சி அதுக்கு இடைஞ்சலா நின்னுச்சு. ஒரு சின்ன மொட்டுதான் இருந்துச்சு அதுல. ஒட்ட வெட்டி அடுப்புல போட்டுட்டேன்.”

அவள் எழுந்துபோய்ப் புதரின் அடியில் குந்தினாள். விரலால் மண்ணைத் தோண்டினாள். வேரின் தலையில் ஒரு கறுத்த முண்டு இருந்தது. இசாகு ஆப்புப்போலச் சீவிச் செருகிய இடம் தெரிந்தது. அவன் சீவினால் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கும். நகம் பட்டதும் முண்டு பொடியாக உதிர்ந்தது. உள்ளே பச்சை எங்கேயாவது இருக்குமா என்று கடைசிவரை சுரண்டிப் பார்த்தாள். இல்லை.

“செடிக்கு ஏதாச்சும் நோயா?” குராதா ஊன்றுகோலில் சாய்ந்து எட்டிப் பார்த்தான்.

“உங்க பக்கத்து வீட்டுக்காரர் சொல்றது சரிதாங்க. இது தரைப்பியோனி.”

அவன் சிரிப்பு போய்விட்டது. “அப்ப என்ன ஏமாத்திட்டியா?”

“ஏமாத்தல. சொல்லவேண்டியத சொல்லாம பஸ் ஏறிட்டேன்.” அவள் சொன்னாள், ஒட்டு எது, வேர் எது, கீழே வரும் முளையை ஏன் கிள்ளவேண்டும் என்று ஒவ்வொன்றாக. சொல்லச் சொல்ல அவன் முகம் மாறிக்கொண்டே வந்தது.

“அப்ப உசுரோட இருந்ததத்தான் நான் வெட்டினேனா?”

தோமே வியாபாரத்தில் பொய் சொல்லி அறியாதவள். கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

“இல்லங்க. அது முன்னாடியே பட்டுப்போச்சு. பட்டுப்போன குச்சியிலகூட மொட்டு மாதிரி ஒண்ணு நிக்கும், ஆனா விரியாது. நீங்க வெட்டினது வெறும் விறகு.”

குராதா பெருமூச்சு விட்டான். “நல்லவேளை” என்றான். பிறகு, “ஆனாலும் இது அழகாத்தான இருக்கு?” என்று கேட்டான்.

“நல்லா வளத்திருக்கீங்க. இவ்வளவு பூ நான் எங்கயும் பாக்கல.” இது பொய்யில்லை.

ஷிகே அவளை இறக்கம் வரை கொண்டுவிட வந்தாள். கையில் வழிக்குக் காய்கறி அடைத்த மாவு உருண்டைகள். கொஞ்ச தூரம் வந்ததும் கேட்டாள்:

“அக்கா, அது உங்களுக்கு வேண்டிய செடியா?”

“எல்லாம் எங்க செடிதாம்மா.”

“நீங்க மண்ணத் தோண்டினத நான் பாத்தேன்.”

தோமே உருண்டைகளை வாங்கிக்கொண்டாள். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, மடியில் அந்தப் பொட்டலத்தை வைத்துக்கொண்டாள். ரயிலடி போய்ச் சேரும்வரை அதை அவிழ்க்கவில்லை.

அந்த இலையுதிர்காலம் குராதாவுக்கு இருப்பதிலேயே நல்ல ஒட்டு ஒன்றை எடுத்துப்போனாள். குழியை அவளே தோண்டினாள், ஒட்டுப் பிடித்த இடம் மண்ணுக்குள் நன்றாக இறங்கும்படி அவளே நட்டாள். மற்ற வீடுகளில் அவள் கூட வந்தவர்களுக்குத்தான் பொறுமை போயிற்று.

“கீழேருந்து சிவப்பா, தடியா முளை வந்தா?” என்று கேட்பாள்.

“கிள்ளணும்” என்பார்கள் வீட்டுக்காரர்கள்.

“எதோட கிள்ளணும்?”

“வேரோட. அம்மா, மூணு தடவை சொல்லிட்டேன்.”

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

“இவ செடி விக்க வந்தாளா, பள்ளிக்கூடம் வைக்க வந்தாளா?” என்று மஸுனோ வாசலுக்கு வெளியே நின்று முனகுவாள். ஆனால் அவளை அவசரப்படுத்தவில்லை. பஸ் போனால் அடுத்ததில் போனார்கள்.

அடுத்த வசந்தத்தில் தீவில் பூ முடிந்துகொண்டிருந்த ஒரு காலை, மஸுனோ வேலியோரமாக வந்து நின்றாள். தோமே இளம் ஒட்டுகளின் வரிசையில் குனிந்திருந்தாள். அந்த வயதுச் செடிக்குப் பூ ஆகாது. வேர் பருக்கவேண்டும் என்று மொட்டுகளை விரியும் முன்பே கிள்ளிவிடுவார்கள். இடுப்பில் கட்டிய கூடையில் மொட்டுகள் சிவப்பும் வெள்ளையுமாக நிறைந்திருந்தன.

“மூட்டை கட்டலையா? இனாவுல பூ ஆரம்பிச்சிருக்குமே.”

“ஆரம்பிச்சிருக்கும்.”

“போகல?”

“யாரப் பாக்க?”

மஸுனோ வேலியைத் தாண்டி உள்ளே வந்து, எதிர் வரிசையில் குனிந்தாள். இருவரும் வரிசை முடியும்வரை கிள்ளிக்கொண்டே போனார்கள்.